ஏரிப் பக்கத்து மைனஸ்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஜன்னலோரக் குழாய் எப்போதும் இறுகிக் கிடக்கும். அன்று அதை இரண்டு கையாலும் திருகி முழுக்கத் திறந்துவிட்டு, என் வலது மணிக்கட்டைப் பிடித்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தண்ணீருக்குக் கீழே காட்டியபடி நின்றார் எங்கள் வேதியியல் மேடம். அவருடைய சேலையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“இன்னும் வழுக்குதா?”

“வழுக்குது மேடம்.”

“அப்ப இன்னும் கொஞ்ச நேரம்.”

வலி பெரிதாக இல்லை. ஆனால் அந்த வழுவழுப்பை மறக்க முடியாது. விரலோடு விரலைத் தேய்த்தால் கெளுத்தி மீனைத் தொட்டது போல இருந்தது. தோலில் இருக்கும் எண்ணெயைக் காரம் சோப்பாக மாற்றிவிடுகிறது, அதனால்தான் வழுக்குகிறது என்று மேடம் விளக்கினார். என் விரலே சோப்பாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

நான் செய்தது இதுதான். பீக்கரில் இருக்கும் தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் போட்டுக் கலக்க வேண்டும். வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் என் மேசைத் தோழி எஸ்தரிடம் இருந்தது. மேடம் என்னை நோக்கி, “துர்கா, சூடு ஏறுதா பாரு” என்றார்.

பார்த்தேன். இரண்டு விரலையும் பீக்கருக்குள் விட்டுப் பார்த்தேன்.

வகுப்பு முழுக்க உறைந்து நின்றது. எஸ்தர் மட்டும் என் காதருகே குனிந்து, “இன்னாடி, உள்ள எறா கீதா?” என்றாள். இறாலை எங்கள் பக்கம் எறா என்போம், இருக்கிறதா என்பதைக் கீதா என்போம். நான்கைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவளோடு மூன்று நாள் பேசவில்லை. இன்று அதே வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரத் தொடரை எழுதுகிறேன்.

கையின் வேலை

எங்கள் வீட்டில் ‘பார்ப்பது’ கையின் வேலை.

பழவேற்காடு ஏரியோரம், தோணிரேவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மண்டியிட்டு, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பை ஒன்று உண்டு, பறி என்போம். இரண்டு கையும் சேற்றில் இருக்க வேண்டும் என்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

ஏரித் தண்ணீர் கலங்கலாக இருக்கும். குனிந்தால் நம் முழங்கையே நமக்குத் தெரியாது. அதனால் அம்மா தண்ணீரில் இருக்கும்போது கண்ணை எங்கேயோ தூரத்தில் வைத்திருப்பாள். பல்லில் கயிறு இருப்பதால் அதிகம் பேசவும் முடியாது. மோவாயால் ஓர் இடத்தைக் காட்டி, கடித்த பல்லுக்கு நடுவே ஒரே ஒரு சொல் சொல்வாள்: “பாரு.” அந்த இடத்தில் தடவு என்று பொருள்.

நான் நடக்கத் தொடங்கியதிலிருந்து கேட்ட சொல் அது. கண்ணால் பார்ப்பதற்கும் அதே சொல்தான் என்பது பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு முழுதாகப் பழகியது. ஆபத்தான நேரத்தில் முதலில் பழகியதுதானே முந்திக்கொண்டு வரும்?

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, ‘உங்களுக்குப் பெருமை சற்று அதிகம்’ என்று எழுதியிருந்தார். அதிகம்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். எங்கள் தெருவில் கல்லூரிக்கென்று பஸ் பாஸ் வாங்கிய முதல் பெண்ணும் நான்தான். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தேவையே இல்லாமல் தெருவின் இரண்டு முனைக்கும் நடந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வகுப்பு முழுக்கப் பார்க்க, குழாயடியில் கை நீட்டி நிற்க வேண்டியிருந்தது. விரல் எரிந்ததைவிட முகம்தான் அதிகம் எரிந்தது.

அரை மதிப்பெண்

குழாயடிக்கு முன்னால் ஒரு சின்ன வெற்றி இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் என் பெருமை என்னை மன்னிக்காது.

கல்லூரியின் முதல் பாடம் அணு அமைப்பு. பள்ளியில் நாங்கள் வரைந்த அணுவில் நடுவே ஒரு புள்ளி, சுற்றிலும் வட்டங்கள், வட்டத்தின் மேல் மணி கோத்தது போல எலக்ட்ரான்கள். மேடம் வந்த முதல் நாளே அந்த வட்டங்களைப் பலகையிலிருந்து துடைத்துவிட்டார். எலக்ட்ரான் எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, எங்கே அதிகம் அகப்படும் என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றார். பிறகு சாக்பீஸால் பலகையில் குத்திக் குத்திப் புள்ளிகள் வைத்தார். நடுவில் நெருக்கமாக, வெளியே போகப்போகக் கலைந்தாற்போல. எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு அதிகமாக உள்ள அந்த இடத்துக்குப் பெயர்தான் ஆர்பிட்டால்.

வகுப்பில் பலருக்கு அது பிடிபடவில்லை. இருக்கும் இடமே தெரியாத பொருளைப் பற்றி எப்படிப் பாடம் நடத்துவது என்று பின் வரிசையில் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் புதிதாக எதுவுமே இல்லை. அம்மாவுக்கு எந்த இறால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஏரியின் எந்தப் பக்கச் சேற்றில், எந்தக் காலடிக் குழியில் கை வைத்தால் அடிக்கடி அகப்படும் என்று தெரியும். அவள் தலைக்குள்ளும் அப்படி ஒரு புள்ளிப் படம் இருந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கையில் தட்டுப்பட்ட நொடியிலேயே இறால் துள்ளிவிடும். இங்கே இருந்தது என்பது தெரிந்த அதே கணத்தில், எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போனது என்பது தெரியாமல் போகும். அடுத்த வகுப்பில் மேடம் அதையும் ஒரு கோட்பாடாகச் சொன்னார்.

முதல் தேர்வில் ‘ஆர்பிட்டால் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு நான் எழுதியது: ‘கலங்கல் தண்ணீரில் தடவினால் எலக்ட்ரான் அதிகம் அகப்படும் இடம்.’

ஒரு மதிப்பெண் கேள்வி அது. மேடம் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் அரை மதிப்பெண் போட்டிருந்தார். நான் விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே போய், மீதி அரை எங்கே என்று கேட்டேன். இறால் தடவும் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார், பிறகு சொன்னார்.

“உன் இறால் நீ தொடாதப்பவும் சேத்துல ஓர் இடத்துல உட்கார்ந்திருக்கு. உனக்குத்தான் தெரியல. எலக்ட்ரான் அப்படி இல்லம்மா. தொடுறதுக்கு முன்னாடி அதுக்கு இன்ன இடம்னே ஒண்ணு கிடையாது. இறால் பாதி தூரம்தான் வரும். அதனால பாதி மார்க்.”

எனக்கு அன்று அது புரியவில்லை. ஆனால் என் இறாலை ஒருவர் இவ்வளவு மரியாதையாக எடுத்துக்கொண்டு, அது எதுவரை வரும் என்று அளந்து சொன்னது அதுதான் முதல் முறை. அந்த அரை மதிப்பெண்ணுக்கு நான் இன்றும் நன்றி உள்ளவள்.

ஐந்தும் தலைகீழ்

குழாயடி நடந்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை எழுதிய தேர்வின் விடைத்தாள் புதன்கிழமை வந்தது. என்தால்பி.

பயப்பட வேண்டாம், பெயர்தான் பெரியது. ஒரு வினை நடக்கும்போது அதற்குள் இருக்கும் ஆற்றல் குறைந்ததா கூடியதா என்பதுதான் கேள்வி. வெப்பம் வெளியே போய்விட்டால் உள்ளே குறைந்தது, மைனஸ் போட வேண்டும். வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் பிளஸ். சின்னக் குழந்தைக்குச் சொன்னாலும் புரியும் என்பார்கள்.

ஐந்து கேள்விகள். குறி மட்டும் போட்டால் போதும். எனக்கு ஐந்தும் தப்பு.

சோடியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரைகிறது. என் விரலுக்குத்தான் தெரியுமே, சூடு வந்தது. வந்தது பிளஸ். நவச்சாரம் என்ற உப்பு கரைந்தால் பீக்கர் சில்லிட்டுப் போகும், கையின் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. போனது மைனஸ். பனிக்கட்டி உருகுவதற்கும் அதே மைனஸ். விறகு எரிவதற்குப் பிளஸ். கடைசியாக ஒரு சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுப்பது. வளைக்குள் இருக்கும் நண்டு கெட்டியாகப் பிடித்துக்கொள்வது போல அணு அதைப் பிடித்துவைத்திருக்கும், இழுக்க ஆற்றல் வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். நண்டை இழுத்தால் யாருடைய பலம் செலவாகும்? என்னுடையது. ஆகவே மைனஸ்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. வரலாற்றுத் துறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமையோடு அதையும் மூடிவிடுவார்கள் என்றார். ஆய்வகத்தில் கையை விடுகிற பழக்கம் ஆபத்து, இன்னொரு தடவை நடந்தால் உள்ளே அனுமதிக்க முடியாது. அடிப்படைக் குறியே தலைகீழாக இருந்தால் மூன்று வருடம் முட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

“உன்னை அனுப்பணும்னு எனக்கு இல்ல. வெள்ளிக்கிழமை அதே சோதனையைத் திரும்ப வைக்கிறேன். சரியா செய்தா இரு. இல்லன்னா இந்த ஃபாரத்தைக் கொடுத்துட்டு வரலாற்றுக்குப் போயிடு. வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா.”

வரலாறு குறைந்த பாடமில்லை. ஆனால் நான் வேதியியலுக்கென்று விண்ணப்பித்தவள். அரை மதிப்பெண் வாங்கியவள்.

அம்மாவின் ரேகை

அம்மா ஃபாரத்தைப் பார்க்கவில்லை. என் விரலைத்தான் பார்த்தாள், அவள் பார்க்கிற விதத்தில். இரண்டு விரல் நுனியையும் தன் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தோல் லேசாக உரிந்திருந்தது.

“கைய வெச்சுத்தாண்டி நம்ம வூடு நிக்குது. அத கொண்டுபோயி எரிக்கிற படிப்பு இன்னாத்துக்கு?”

வரலாறு என்றால் புத்தகம் மட்டும்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதில் எரிகிற சாமான் எதுவும் கிடையாதே என்று மறுபடி கேட்டாள். கிடையாது என்றேன். அவளுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள்.

நைனா, அதாவது என் அப்பா, சோறு தின்றுகொண்டே, “அது கை. அது இஷ்டம் இன்னானு கேளு” என்று மட்டும் சொன்னார். அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்தும் தப்பு என்ற விடைத்தாளை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

அம்மாவின் கட்டைவிரலில் ரேகை கிடையாது. சேறும் உப்பும் இறால் முள்ளும் சேர்ந்து எப்போதோ தேய்த்துவிட்டன. ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவி அவளை ஒருநாளும் ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. ஃபாரத்தில் அவள் வைத்த கைநாட்டு கோடுகளே இல்லாத ஒரு நீலப் பொட்டு. காய்வதற்காக அதை ஊதிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக்கொண்டேன்.

பொன்னேரி பஸ்ஸில்

அந்த ஆண்டு கல்லூரி தாமதமாகத் தொடங்கியதால் முதல் மாதமே மழைக்காலத்தில் வந்தது. நான்கு நாளாக நல்ல மழை. ஏரியிலிருந்து செம்மண் நிறத் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

இப்படித் தண்ணீர் போகும்போது ஏரியில் வளர்ந்த இறால் எல்லாம் அதோடு சேர்ந்து கடலுக்கு இறங்கிவிடும். எங்கள் தெருவில் அந்த வாரம் பறிகள் வெறுமனே தொங்கும். அதே வாரம் கோட்டைக்குப்பத்தில், கடலுக்குப் போகும் வீடுகளில் இறால் குவியும். எஸ்தர் கோட்டைக்குப்பம். அவள் அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது.

வியாழக்கிழமை காலை பழவேற்காட்டில், கல்லூரி இருக்கும் பொன்னேரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எஸ்தர் வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை போல. வாயில் வந்த நல்ல செய்தியைச் சொன்னாள்.

“எங்க அப்பாவுக்கு நேத்து செம எறாடி. நல்லா வந்துகினு கீது.”

மூன்று நாள் கோபம் அங்கேதான் வெடித்தது.

“வரல. போச்சு.”

“இன்னா போச்சு? வலை நெறைய வந்துச்சுன்றேன்.”

“எங்க ஏரியிலேர்ந்து போனதுடி அது. எங்க அம்மா நாலு நாளா வெறும் பறியோட வருது.”

“கடலுக்கு வந்தா கடலுது. உங்க பேரு எழுதி ஒட்டி கீதா அதுல?”

முன் சீட்டில் இருந்த பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். இருவருமே குரலைக் குறைக்கவில்லை. வந்துச்சு என்றாள், போச்சு என்றேன். வந்துச்சு, போச்சு. அப்படியே இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும்.

“நீ கடல்ல நின்னுகினு வந்துச்சுன்ற. ஏரியில வந்து நின்னு சொல்லு பாக்கலாம், வந்துச்சானு.”

சொல்லி முடித்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நான் சொன்னதை நானே கேட்டேன்.

ஒரே இறால். ஒரே முகத்துவாரம். அது போன வேகத்திலும் அளவிலும் எந்தச் சண்டையும் இல்லை. அவள் பிளஸ் போடுகிறாள், நான் மைனஸ் போடுகிறேன். ஏனென்றால் அவள் நிற்கும் இடம் வேறு, நான் நிற்கும் இடம் வேறு.

மேடம் பலகையில் இரண்டு சொற்களை எழுதி நடுவே ஒரு கோடு போட்டிருந்தார். அமைப்பு, சூழல். பீக்கருக்குள் நடக்கும் வினைதான் அமைப்பு. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் சூழல். குறியை எப்போதும் அமைப்பின் பக்கம் நின்றுதான் போட வேண்டும் என்று அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். எழுதிவிட்டு, ஐந்து கேள்விக்கும் என் கையின் பக்கம் நின்று குறி போட்டிருந்தேன். கை எப்போதும் வெளியேதான் இருக்கிறது. பீக்கருக்குள்ளேயே விட்டாலும் அது வெளியே இருக்கும் பொருள்தான். நான் ஏரியில் பிறந்தவள். ஆனால் பரீட்சையில் கடலில் நின்றுகொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

மடியில் இருந்த காகிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினேன். ஒரு பெரிய வட்டம், ஏரி. பக்கத்தில் அலை அலையாக ஒரு கோடு, கடல். நடுவே ஒரு சின்ன வாய். அந்த வழியாக வெளியே ஓர் அம்புக்குறி. ஏரிப் பக்கம் மைனஸ், கடல் பக்கம் பிளஸ். கீழே சோடியம் ஹைட்ராக்சைடு: ஏரிதான் பீக்கர், கடல்தான் என் விரல்.

எஸ்தர் எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

“அதான் அஞ்சும் தப்பா? ஒண்ணு ரெண்டு தப்புனா எனக்குப் புரியும். அஞ்சுமே தப்பா எழுத தனி தெறம வேணும்டி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது கேலி என்றாலும் உண்மை. தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டிருந்தால் ஒன்றிரண்டாவது சரியாக விழுந்திருக்கும். ஐந்தும் தலைகீழ் என்றால், எனக்குப் பாடம் தெரிந்திருக்கிறது. நிற்கும் இடம்தான் தப்பு.

அப்போதுதான் அவள் காகிதத்தைத் திருப்பினாள். வரலாற்றுத் துறை என்று அச்சடித்திருந்ததைப் படித்தாள். அடியில் இருந்த நீலப் பொட்டைப் பார்த்தாள்.

“போறியா?”

“நாளைக்குத் தெரியும்.”

“நீ போயிட்டா நான் யார பாத்து சிரிக்கிறது?”

அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு. நான் அதை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை

அதே மேசை, அதே வில்லைகள். கையில் தெர்மாமீட்டர். மேடம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் ரெக்கார்டு நோட்டுக்குள் ஃபாரம் இருந்தது.

“மேடம், இவ கை மறுபடி உள்ள பூந்துடும். இத நான் புடிச்சுக்கிறேன்” என்று சொல்லி எஸ்தர் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் தடுக்கவில்லை. சோதனை முடியும்வரை அவள் விடவும் இல்லை. உள்ளங்கை அவளுக்கும் வியர்த்திருந்தது.

வில்லைகள் கரைந்தன. தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறியது. கண்ணால் பார்ப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று நினைத்துக்கொண்டேன். விரல் ஒரு நொடியில் சொல்வதை அந்த வெள்ளிக் கோடு ஒவ்வொரு கோடாகத் தாண்டிச் சொன்னது. ஆனால் விரலுக்குச் ‘சூடு’ என்று மட்டும்தான் தெரியும். எத்தனை டிகிரி என்று அது சொல்லாது. குறித்துக்கொண்டேன், கணக்கிட்டேன், விடைக்கு முன்னால் மைனஸ் போட்டேன்.

மேடம் அதைப் பார்த்தார். மனப்பாடமா இல்லையா என்று சோதிக்க நினைத்திருக்க வேண்டும்.

“திங்கட்கிழமை உன் விரலுக்குச் சூடு வந்துச்சே. வந்ததுக்கு எதுக்கு மைனஸ்?”

“திங்கட்கிழமை நான் கடல்ல நின்னேன் மேடம். இன்னைக்கு ஏரியில நிக்கிறேன்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எஸ்தர் கையை விடாமலே சிரித்தாள். வேறு வழியில்லாமல் ரெக்கார்டு நோட்டைத் திறந்து, ஃபாரத்தை எடுத்து, பின்பக்கத்தைக் காட்டினேன். ஏரி, கடல், வாய், அம்புக்குறி. மழை வந்தால் இறால் இறங்குவதைச் சொன்னேன். பஸ்ஸில் நடந்த சண்டையையும் சொன்னேன்.

மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“சரி, நவச்சாரம்?”

“அது கோடை மேடம். கடல் தண்ணி குஞ்சு எறாவோட ஏரிக்குள்ள வரும். ஏரிக்குப் பிளஸ். வெளிய இருக்கிற கைதான் சில்லுனு ஆயிடும்.”

“எலக்ட்ரானைப் பிரிச்செடுக்கிறது?”

“வெளியிலேர்ந்து ஆற்றல் உள்ள போனாத்தான் அது வரும். நான் செலவு பண்றது அணுவுக்கு வரவு. பிளஸ்.”

அவர் பேனாவைத் திறந்தார். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஃபாரத்தை எடுத்து முன்பக்கம் திருப்பினார். அம்மாவின் ரேகையில்லாத பொட்டின் மேல் அவர் விரல் ஒரு கணம் நின்றது.

“இதை நான் வாங்கினா பின்பக்கமும் ஆபீஸுக்குப் போயிடும். நீயே வெச்சுக்கோ.” நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே, “இந்தத் தடவை இறால் முழு தூரமும் வருது” என்றார்.

அன்று மாலை அம்மாவிடம், கையை விடாமலே பார்க்கக் கற்றுக்கொண்டேன், வரலாறு வேண்டாம் என்று சொன்னேன். என் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதுதான் அவள் சம்மதம்.

இரண்டு குறிகள்

இப்போது நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கையுறை போடாமல் எதையும் தொடுவதில்லை. மேடம் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். சேலை நனைந்தது தெரியாமல் குழாயடியில் நின்ற ஒருவருக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? இந்த வாரப் பக்கங்கள் அவர் கண்ணில் பட்டால் போதும்.

அந்த ஃபாரம் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் அம்மா, பின்பக்கம் எஸ்தர். பொட்டின் மை கொஞ்சம் ஊறி, ஏரியின் நடுவில் ஒரு நீலத் திட்டாகத் தெரியும்.

எஸ்தர் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு மழைக்கும், ஏரித் தண்ணீர் கடலுக்குத் திரும்பிய அன்று காலை, அவளிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வரும். வார்த்தை எதுவும் இருக்காது. ஒரு பிளஸ் குறி மட்டும். நான் ஒரு மைனஸ் குறியைத் திருப்பி அனுப்புவேன். பஸ்ஸில் நடந்த சண்டை அப்படியே தொடர்கிறது என்று அர்த்தம்.

போன மழைக்கும் செய்தி வந்தது. திறந்து பார்த்தேன். மைனஸ்.

தவறுதலாக அனுப்பிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று அவள் அப்பாவின் வலையில் நல்ல இறால் என்று பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அன்று காலையில் எஸ்தர் ஒரு பாத்திரத்தில் இறாலை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறாள். அம்மாவோடு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். அங்கிருந்துதான் அந்த மைனஸை அனுப்பியிருக்கிறாள்.

நான் பதிலுக்குப் பிளஸ் போட்டேன்.